ஆக்சிலேட்டர் பிடிக்கிற கை

மகனே,

கடிதம் எழுதுகிறவர்கள் முதல் வரியில் நலம் விசாரிப்பார்கள். இந்தக் கடிதம் முழுவதுமே உன் நலத்தைப் பற்றிய ஒரே ஒரு விசாரணைதான் என்பதால், அதை முதல் வரியிலேயே கேட்டு முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நிரோஷாவின் கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது. வாடகைக்கு எடுத்த கதிரைகளும் பெரிய சட்டிகளும் திரும்பிப் போய்விட்டன. வாசலில் கட்டிய வாழைமரங்களை மட்டும் அம்மா இன்னும் அவிழ்க்க விடவில்லை. உன் தங்கச்சி யட்டவத்தைக்கு, புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். நீ இல்லாத வீட்டுக்கு நாங்கள் ஒருமாதிரி பழகியிருந்தோம். இனி அவளும் இல்லாத வீட்டுக்குப் பழக வேண்டும். இன்று காலையில் அம்மா பழக்கதோஷத்தில் அவளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, அந்தக் கோப்பையை யாரும் பார்க்காதபடி தானே குடித்தாள். நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்கு மனப்பாடம். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன், நீங்கள் சாப்பிட்டீர்களா என்பாய். அதோடு நிற்காமல் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பி வெளியே கிடக்கும் பனியைக் காட்டுவாய். அம்மா வாயைப் பிளந்துகொண்டு பனியைப் பார்ப்பாள், என் கேள்வி அதோடு போய்விடும். கடிதத்தில் அப்படித் திருப்ப முடியாது. நான் நிறுத்தும் இடம் வரைக்கும் நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வாசிக்காதே, ஓய்வாக இருக்கும் நாளில் வாசி.

கல்யாணத்தன்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். மணமேடையில் நம் பக்கமாக ஒரு கதிரையைப் போட்டு, அதன்மேல் ஒரு செம்பில் போனைச் சாய்த்து வைத்திருந்தோம். அந்தக் கதிரை உன்னுடையது. மூத்த பிள்ளையின் இடம் மேடையில் காலியாகக் கிடக்கக்கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். உனக்கு அங்கே இன்னும் விடிந்திருக்கவில்லை, உன் பின்னால் ஜன்னல் கறுப்பாகத் தெரிந்தது. நெற்றி நிறைய விபூதி வைத்திருந்தாய். உடுப்புத்தான் கழுத்துவரை ஜிப் இழுத்த ஜேர்சி. தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு நல்ல சட்டை போடக்கூடாதா என்று அம்மா முணுமுணுத்தாள். அரிசியில் மஞ்சளைப் பிசைந்து ஒரு கிண்ணத்தில் நீயே தயாராக வைத்திருந்ததைக் காட்டினாய், அதைப் பார்த்து அவள் சமாதானமானாள். கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். மண்டபமே எழுந்து அட்சதை போட்டது. நீயும் போட்டாய், இடது கையால் போட்டாய்.

எல்கடுவயிலிருந்து வந்திருந்த உன் அத்தைக்குத்தான் அது முதலில் பட்டது. நல்ல காரியத்தில் நொட்டாங்கையாலயா போடுவே என்று போனைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டுவிட்டாள். வலது கையில் போன் இருக்கிறது அத்தை என்று நீ சொல்லிச் சிரித்தாய். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. போனைக் கையில் பிடித்திருக்கிறவனுடைய படம் ஆடும், மகனே. அவன் மூச்சு விட்டாலும் ஆடும். நீ அரிசியை வீசியபோது உன் தோள் அசைந்தது, தலை அசைந்தது, பின்னாலிருந்த ஜன்னல் அசையவில்லை. போன் எங்கேயோ சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உன் வலது கை சும்மாதான் இருந்தது. சும்மா இருந்த கையை நீ மேசைக்குக் கீழே வைத்திருந்தாய். பெற்ற மகளின் கழுத்தில் தாலி ஏறுகிற நேரம் அது. அவளைப் பார்க்க வேண்டிய கண்ணால் நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தனை பேர் கூடிய மண்டபத்தில் எனக்கு மட்டும் ஏன் அது நெஞ்சில் அடித்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். முப்பது வருடத்துக்குக் கிட்ட மாத்தளையிலிருந்து மலைக்குப் பேப்பர் கொண்டுபோனவன் நான். ரத்தோட்டை, அதற்கு மேலே ரிவர்ஸ்டன் வரைக்குமுள்ள கடைகள், வாரத்தில் சில நாள் எல்கடுவப் பக்கம். குளிரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு இரண்டு கையும் ஒன்றல்ல. இடது கைக்கு அவ்வப்போது விடுதலை உண்டு. கியர் மாற்றாத நேரத்தில் அதைக் கீழே இறக்கி என்ஜின் பக்கத்தில் பிடிக்கலாம், தொடைக்கு அடியில் செருகலாம், ஜாக்கெட் பைக்குள் போடலாம். வலது கைக்கு அது கிடையாது. ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி நின்றுவிடும். ஏற்றம் முழுக்க, காற்று முழுக்க, அந்த ஒரு கைதான் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீ ஓட்டுவது ஸ்கூட்டர், கிளட்ச் கூட இல்லை. உன் இடது கை இன்னும் சுகவாசி, உன் வலது கை இன்னும் பாவம். இரண்டு குளிர்காலமாக நீ அந்த வண்டியின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ருமேனியாவில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாய். அந்தக் குளிரையெல்லாம் உனக்காக ஒரு கை வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கைதான் தங்கச்சியின் கல்யாணத்தில் மேசைக்குக் கீழே இருந்தது.

உனக்கு நம் வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்லப்படும் ஒரு கதை தெரியும். அப்பாவின் கையை ஹேண்டிலிலிருந்து கழற்றி எடுத்த கதை. கல்யாண வீடுகளில், சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது, யாராவது அதை எடுத்துவிடுவார்கள். நானும் கூடச் சேர்ந்து நடித்துக் காட்டுவேன். அது நடந்த விதத்தை உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அது ஒரு தை மாதம். ரிவர்ஸ்டன் பக்கம் மூன்று நாளாக மழையும் காற்றுமாக இருந்தது. அந்தக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும், வண்டியை நேராகப் பிடிக்கவே உடம்பைச் சாய்த்துக்கொண்டு போகவேண்டும். ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டிருந்தேன், ஜிப் முதுகுப் பக்கம் இருந்தால் நெஞ்சில் காற்று நுழையாது. சட்டைக்குள்ளே விற்காமல் மிஞ்சிய பேப்பர் நான்கைந்து மடிப்பு. கிளவுஸுக்கு மேலே சிலிசிலிப் பையை, அதுதான் மெல்லிய பொலித்தீன் பையை, சுற்றி ரப்பர் போட்டிருந்தேன். நன்றாக இறுக்கித்தான் போட்டிருந்தேன், காற்றுப் புகக்கூடாது என்று. மேலே ஏறும்போது கை வலித்தது. பிறகு ஊசி குத்துவதுபோல இருந்தது. திரும்பி இறங்கும்போது வலி போய்விட்டது. நடுக்கமும் நின்றுவிட்டது. குளிர் என்னை விட்டுவிட்டது என்று நினைத்து எனக்கு ஒரே சந்தோஷம். லேசாகத் தூக்கம் வருவதுபோல ஒரு சுகம்கூட இருந்தது. அந்தச் சுகத்தோடுதான் ரத்தோட்டைக்கு மேலே இருக்கும் தேத்தண்ணிக் கடையில் வண்டியை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பதுகூடச் சரியில்லை, கடையின் முன்னாலிருந்த மணல் குவியலில் வண்டி தானாகப் போய்ச் செருகி நின்றது.

நசீர் நானாவை உனக்குத் தெரியும், பைக்கில் துணி மூட்டை கட்டிக்கொண்டு தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாக விற்றவர். அவர் மழைக்கு அந்தக் கடையில் ஒதுங்கியிருந்தார். நான் இறங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஓடி வந்தார். இப்போது குளிர் இல்லை நானா, பரவாயில்லை என்று நான் சொன்னேனாம். நாக்கு குழறியதாம். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "குளிர் போகல்ல தம்பி. நீங்கதான் போய்க்கிட்டு இருக்கீங்க." என் வலது கை ஹேண்டிலைப் பிடித்த வாக்கிலேயே இருந்தது, திறக்கச் சொன்னால் திறக்கவில்லை. ரப்பரை அறுத்து, பையையும் கிளவுஸையும் உரித்து, ஒவ்வொரு விரலாக அவர்தான் விரித்தார். கடைக்காரர் ஓடிப்போய் ஒரு பேசினில் ஆவி பறக்கும் தண்ணீரைக் கொண்டுவந்தார். நானா அதைத் தொடவிடவில்லை. உணர்ச்சி இல்லாத கையைச் சுடுதண்ணீரில் வைத்தால் வெந்து போனாலும் தெரியாது என்று சொல்லி, தன் சட்டையைத் திறந்து என் கையைத் தன் அக்குளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டார். ஈரக் கையை அப்படி வைத்துக்கொண்டு அவர் நடுங்கியதைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி தெளிந்தது.

கதையை எல்லோரும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு நடந்தது உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் மெழுகு நிறத்தில் இருந்தன. மற்ற விரல்களுக்கு உயிர் திரும்பும்போது வலி தாங்க முடியவில்லை. இந்த இரண்டும் வலிக்கவே இல்லை. மாதக்கணக்கில் அவற்றில் ஒன்றும் தெரியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சட்டைப் பொத்தான் போட வராது, டீ ஷர்ட்டுக்கு மாறினேன். சோற்றைப் பிசைந்தால் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு தனியாக உட்கார்ந்து கரண்டியால் சாப்பிட்டேன். பேப்பர் மை ஒட்டிய கை, கழுவினாலும் போகவில்லை என்று காரணம் சொன்னேன். அடுப்பிலிருந்த சட்டியை ஒருநாள் துணி இல்லாமல் வெறும் கையால் இறக்கி வைத்தேன், அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அவள் அலறவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தாமதமாக வந்தாலும் விரல் தப்பியது என்று டாக்டர் சொன்னார். இன்றைக்கும் மார்கழி வந்தால் அந்த இரண்டு நுனியும் வெளுத்துப் போகும்.

நான் இதை மறைத்தவன். அதனால் மறைக்கிறவனை எனக்கு அடையாளம் தெரிகிறது. கல்யாணம் முடிந்து வீட்டில் சத்தம் அடங்கியதும் நான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். தீபாவளிக்குக் கூப்பிட்டபோது நீ சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாய். வெள்ளைக்காரன் ஆகிவிட்டான் என்று அம்மா கேலி பண்ணினாள், நீயும் சிரித்தாய். முன்பெல்லாம் போனில் பந்தி பந்தியாக நீளமாக எழுதி அனுப்புவாய், கொஞ்ச நாளாகக் குரலைப் பதிந்துதான் அனுப்புகிறாய். டைப் பண்ண நேரமில்லை என்றாய். கல்யாணத்துக்குச் சட்டை போடாமல் ஜிப் வைத்த ஜேர்சி போட்டாய். மகனே, பொத்தானைப் பற்றி எனக்குத் தெரியாதா?

இனி நம் குடும்பத்து வாய்ப்பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பூர்வீகம் எல்கடுவ மலை என்பதால், எல்கடுவ ஆளுக்குக் குளிரா என்பது நம் சனம் எல்லோரும் சொல்கிற பேச்சு. கண்டியில் கம்பளி போர்த்தியவனைப் பார்த்தாலே நமக்குச் சிரிப்பு வரும். நீ கிளம்பிய அன்று மாத்தளை பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப வந்தவர்களிடமெல்லாம் நான் அதையே சொன்னேன். அங்கே பனி கொட்டுமாமே என்று கவலைப்பட்டவர்களிடம், இவன் ரிவர்ஸ்டன் காற்றில் வளர்ந்த பிள்ளை, இவனை என்ன செய்யும் என்றேன். நீயும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினாய். போன வருடம் முதல் பனி விழுந்ததும் என்னைக் கூப்பிட்டு, சட்டைக்குள்ளே பேப்பர் எத்தனை மடிப்பு வைக்க வேண்டும் அப்பா என்று கேட்டாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜாக்கெட்டை முன்பின்னாகப் போடு, கிளவுஸுக்கு மேலே பையைச் சுற்று என்று வரிசையாகச் சொன்னேன். நான் கண்ணால் காணாத ஒரு குளிருக்கு, எனக்குத் தெரிந்த குளிரின் வைத்தியத்தைச் சொன்னேன். நம் குளிர் ஈரக் குளிர். எவ்வளவு கடித்தாலும் பத்து மணி வெயிலுக்கு ஓடிவிடும், ஒவ்வொரு வளைவிலும் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கும். உன் ஊரில் பகலிலும் தண்ணீர் கல்லாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டோம்.

இன்னொன்றும் நினைத்துப் பார்த்தேன். நீ குளிருக்குப் பழகிய பிள்ளை என்பதே பொய். சின்ன வயதில் எல்கடுவத் திருவிழாவுக்கு உன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவேன். அம்மா தன் சால்வையால் உன்னை என் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். நீ உன் இரண்டு கையையும் என் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு, என் முதுகில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாய். போய்ச் சேர்ந்ததும், குளிரவே இல்லை என்று அத்தையிடம் வீரம் பேசுவாய். எப்படிக் குளிரும்? வழியெல்லாம் காற்றை நான் அல்லவா வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கே உனக்கு முன்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்காமல் போனது எனக்குத் தாங்க முடியாத வேதனையாக இருக்கிறது.

நீ ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. இரண்டு குளிர்காலம் தாங்கிக் காட்டுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனவன் நீ. கல்யாணத்துக்கு முன்னால் சொன்னால் வீட்டில் கல்யாணக்களை போய்விடும் என்றும் நினைத்திருப்பாய். அது உன் நல்ல மனது. அம்மாவுக்கும் அந்த அட்சதை மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது, ஆனால் அவள் குழம்பியது வேறு விதமாக. மூத்தவன் இடது கையால் ஆசீர்வாதம் பண்ணிவிட்டானே, நிரோஷாவின் வாழ்க்கைக்கு ஏதும் குறை வருமோ என்று பயந்தாள். கோவிலில் ஒரு அர்ச்சனை செய்யலாமா என்று கேட்டாள். அவள் அப்படித் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் கண்டதையெல்லாம் சொன்னேன், படம் ஆடாததை, கரண்டியை, ஜிப்பை. பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "அப்ப புள்ள வேணும்னு போடல்லீங்க, போட முடியாமத்தான் போட்டிருக்கான்" என்றாள். பிறகு, நொட்டாங்கை என்று அத்தை கேட்டபோது உன் முகம் எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டாள். சிரித்தான் என்றேன். அதற்குத்தான் அவள் அழுதாள்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். முன்பு சொன்னதையெல்லாம் அழித்துவிடு. கிளவுஸை இறுக்கிப் போடாதே, இறுக்கினால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத விரலை எந்தக் கம்பளியும் காப்பாற்றாது. மணிக்கட்டையும் கழுத்தையும் மூடு, கை அங்கிருந்துதான் குளிரத் தொடங்குகிறது. நனைந்த காலுறையோடு வண்டி ஏறாதே. வலித்தால் நல்லது, கை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வலி தானாக நின்றுபோனால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்து. பெட்டியில் யாருடைய சாப்பாடு இருந்தாலும் இருக்கட்டும், அது ஆறிப்போனால் அவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். ஏதாவது ஒரு கதவைத் தட்டி உள்ளே போ. சுடுதண்ணீரில் வைக்காதே, தேய்க்காதே, ஹீட்டர் மேல் பிடிக்காதே. ஒருமுறை உயிர் திரும்பிய கையை அன்றைக்கே மறுபடி குளிரில் கொண்டுபோகாதே, அதுதான் எல்லாவற்றையும்விட மோசம் என்று என்னைப் பார்த்த டாக்டர் சொன்னார்.

இதெல்லாம் இனிமேல் வரப்போகிற குளிருக்கு. ஏற்கெனவே வந்துவிட்டதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை, என் புத்தி அந்த அளவுக்குப் போகாது. அதற்கு ஆஸ்பத்திரிதான். பாஷை தெரியாவிட்டால் பரவாயில்லை, கையை நீட்டினால் போதும், பார்க்கிறவர்களுக்கு விளங்கும். வேலையிடத்தில் கோபிப்பார்கள் என்றால் கோபிக்கட்டும். உள்ளே இருந்து செய்கிற வேலை ஏதும் கிடைக்குமா என்று கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் திரும்பி வா. நீ வந்து இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று உனக்கு யோசனை இருக்கும். எல்கடுவ ஆளுக்குக் குளிரா என்று இரண்டு நாள் கேலி பண்ணும். அந்தப் பேச்சைப் பஸ் ஸ்டாண்டில் பேசியவன் நான், கேட்கிறவர்களுக்குப் பதிலும் நானே சொல்லிக்கொள்கிறேன். என் மகனுக்குக் குளிர்ந்தது, அதனால் வந்துவிட்டான் என்று சொல்வேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

வாசித்து முடித்ததும் எனக்குக் கூப்பிடு. போனை எங்காவது சாய்த்து வை. வலது கையை மேசைக்கு மேலே எடு. கிளவுஸ், துணிக்கட்டு எது இருந்தாலும் கழற்றிவிட்டு, விரலை விரித்து, கேமராவுக்கு நேரே பிடி. நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். ஒவ்வொரு விரலாகப் பார்ப்பேன். சிவந்திருந்தால் கோவிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைப்பேன். வெளுத்திருந்தால் அது நான் கடந்துவந்த வழி, எனக்குத் தெரியும். கறுத்திருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சொல்லை எழுதவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அப்படி இருந்தாலும் நீ அதை என்னிடம் காட்ட வேண்டும். நீ சொல்லத் தயங்குகிற சொல்லை நானே சொல்லிவிட்டேன், இனி நீ காட்டினால் மட்டும் போதும்.

எழுதி முடிக்கும்போது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். நசீர் நானாவின் இடத்தில் கண்ணைத் துடைத்தாள். தன் பங்குக்கு ஒரே ஒரு விஷயம் சேர்க்கச் சொன்னாள். நான் அதைக் கடிதத்துக்கு ஏற்றபடி திருத்தி எழுதப் பார்த்தேன். வேண்டாம், நான் சொன்ன மாதிரியே எழுதுங்கள் என்றாள். அவள் சொன்னது இதுதான்:

"கை எப்படி இருந்தாலும் வந்துடுப்பா. சோறு பிசைஞ்சு ஊட்டுறதுக்கு அம்மாவுக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு."

அப்பா